நத்தைகள் ஏறிய உயரம்

போன கிழமை உங்களில் ஒருவர் கைப்பேசியில் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். வல்வெட்டித்துறைப் பக்கத்துக் கரையில், உச்சி வெயிலில் எடுத்த படம். சாம்பல் நிறத்தில் வெறும் சுண்ணாம்புப் பாறை. கீழே ஒரு வரி: “மிஸ், பட்டைகளைக் காணேல்லை. இந்தக் கரையிலை ஒண்டுமே இல்லைப் போலை.”

வாசித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. கோபம் அந்தப் பிள்ளையோடு அல்ல, நாங்கள் எல்லோரும் படித்த புத்தகங்களோடு. குளிர் நாட்டுக் கரைகளைப் படம் பிடித்து, மேலே கறுப்பு, நடுவில் வெள்ளை, கீழே பழுப்பு என்று பாறையில் உயிர்கள் கொடிச்சீலை மாதிரிப் பட்டை பட்டையாக ஒட்டியிருப்பதைக் காட்டி எங்கள் கண்ணைப் பழக்கிவிட்டார்கள். அங்கே கடல் ஒரு வீட்டின் உயரத்துக்கு ஏறி இறங்கும். எங்கள் கடல் முழங்கால் உயரம் ஏறுவதற்கே இரண்டு தரம் யோசிக்கும். போதாக்குறைக்கு இந்த வெயில். புத்தியுள்ள எந்த நத்தையும் மத்தியானத்தில் பாறை முகப்பில் உட்கார்ந்து உங்கள் கமெராவுக்குச் சிரித்துக்கொண்டிராது. வெடிப்புக்குள்ளும் கல்லின் அடியிலும் கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடித்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். நீங்கள்தான் குனிய வேண்டும்.

கரையோர ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். சட்டகம் வைத்து எண்ணுவது எப்படி, கயிறு பிடிப்பது எப்படி என்பதையெல்லாம் அங்கேயே பழக்குவார்கள். நான் ஓய்வு பெற்றவள். எனக்குக் கதை சொல்ல மட்டும்தான் உரிமை இருக்கிறது. ஆகவே, கரையில் ஒன்றுமே இல்லை என்று எழுதிய பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து, ஒரு வானைப் பற்றிச் சொல்கிறேன்.

வான் என்றால் எங்கள் வடகரையில் பாறையைப் பிளந்து படகுகள் போய்வருவதற்காக அமைத்த வாய்க்கால். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்துக்குக் கடலடி முழுவதும் கல். அந்தக் கல்லுக்கு ஊடாக ஒரு வழி இல்லாவிட்டால் படகு வெளியே போகாது. நான் சொல்லும் ஊர் வல்வெட்டித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையில் இருக்கும் ஒரு சிறிய இறங்குதுறை. பெயர் வேண்டாம். அங்கே பழைய வான் ஒடுக்கமானது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வடகரை குளம் மாதிரிக் கிடக்கும். அப்போது கண்ணை மூடிக்கொண்டும் போய் வரலாம். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்றுத் தொடங்கினால் அலை வானின் வாயிலேயே வந்து உடையும். நான் அங்கே போனதற்கு முந்திய மார்கழியில் திரும்பி வந்த ஒரு படகு அந்த வாயில் புரண்டது. ஒரு பொடியன் போய்விட்டான்.

அவனுடைய தமையன் சிவநேசன் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். தம்பியைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான். அதன் பிறகு வானைத் திருத்தித் தரச் சொல்லி ஏறாத படியில்லை. கடைசியில் அனுமதி கிடைத்து, ஆவணி மாதத்தில் பாறை தோண்டும் ஒரு பெக்கோ இயந்திரம் கரையில் வந்து நின்றது. வானை அகலமாக்கி, வடகிழக்குப் பக்கம் நேரே ஒரு புதிய வாய் வெட்டுவது என்று திட்டம். அந்தப் பக்கம் ஆழ்கடல் கிட்ட. பாறையும் மெல்லிசு.

என்னை அனுப்பியது வேறு வேலைக்கு. வெட்டப்போகும் இடத்தில் உயிருள்ள முருகைக்கல், அதாவது பவளப்பாறை, இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். என்னோடு வந்தவள் தர்சினி. வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காது.

நான் கடலில்லாத உடுவில்காரி, தோட்டக்காரக் குடும்பம். சின்ன வயதில் எனக்குக் கடல் என்றால் தோட்டத்துக்குப் பசளையாக வண்டியில் வந்து இறங்கும் சாதாளைதான், கரையொதுங்கும் கடற்பாசியைத்தான் அப்படிச் சொல்வோம். கடற்கரை ஊர்களுக்கு இது தெரியும். சங்க மண்டபத்தில் காலை வைத்ததுமே ராசன் அண்ணை என்ற மூத்த தொழிலாளி தொடங்கிவிட்டார்.

“வாங்கோ மிஸ். உடுவிலிலை இந்தமுறை கத்தரி எப்பிடி? கடலுக்கையும் நட்டுப் பாக்கப் போறியளோ?”

“கடலிலை கத்தரி வந்தால் முதல் காய் உங்களுக்குத்தான் அண்ணை” என்றேன். மண்டபம் சிரித்தது. அப்படிச் சிரித்துவிட்டால் பிறகு வேலை சுலபம்.

ஆனால் அன்று சுலபமாக இருக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். சிவநேசனின் தாய். யாரையும் குறித்துப் பார்க்காமல் சொன்னார்: “நீங்கள் எந்தப் பக்கமெண்டாலும் வெட்டுங்கோ. வாடைக்கை இவன் கடலுக்குப் போகமாட்டான். எனக்கு இனி ஒண்டுதான் மிச்சம்.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சிவநேசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பது வயது தாண்டிய மனிதன், நல்ல கடலோடி; அந்த மார்கழிக்குப் பிறகு காற்று மாறினால் படகைக் கரையில் ஏற்றிவிட்டு மற்றவர்களுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பின்னேரம் நீர் வற்றியபோது நானும் தர்சினியும் பாறையில் இறங்கினோம். வெட்டப்போகும் வடகிழக்குப் பக்கத்தில் உயிருள்ள முருகைக்கல் சொல்லும்படியாக இல்லை. அங்கேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு பஸ் பிடித்திருக்கலாம். ஆனால் பாறையைக் கண்டால் நிமிர்ந்து நடக்கிற பழக்கம் எனக்கில்லை.

எங்கள் கரையில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உச்சியில் மிளகு அளவு நத்தைகள். அவற்றின் கீழே, படகின் அடியில் ஒட்டிக்கொண்டு உங்கள் காலைக் கிழிக்குமே, அந்தக் கொட்டலசு. அதற்குக் கீழே பாறைச் சிப்பி. நீர் விலகாத இடத்தில் சாதாளை. மேலே ஏற ஏற வெயிலும் காய்வும் கூடும். எந்த உயரம் வரைக்கும் நனைகிறதோ அந்த உயரம் வரைக்கும்தான் ஒன்று ஏறும். முழங்காலளவு ஏறி இறங்கும் கடலில் அந்த நனைவைக் கொடுப்பது பெரும்பாலும் வற்றும் பெருக்கும் அல்ல, அலைத் தெறிப்பு. ஆகவே அலை பலமாக அடிக்கிற பாறையில் குடியிருப்பு உயரும், அலை குறைந்த இடத்தில் ஒரு சாணுக்குள் ஒடுங்கிவிடும்.

வடகிழக்குப் பாறையில் மிளகு நத்தைகள் என் மார்பளவுக்கு ஏறியிருந்தன. மேற்கே கடலுக்குள் ஒரு கை மாதிரி நீண்டிருந்த பாறையின் பின்னால் திரும்பிப் பார்த்தால் அதே நத்தைகள் ஒரு சாண் உயரத்தோடு நின்றுவிட்டன. கடல் அன்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சோம்பிக் கிடந்தது. வான் வெட்டும் வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியரின் ஆட்கள் அலையை அளந்ததும் இப்படிப்பட்ட சோளக நாட்களில்தான். அளவில் பிழை இல்லை. ஆனால் வாடையை அவர்கள் அளக்கவில்லை. நத்தைகள் வருசம் முழுக்க அங்கேதான் நின்றிருக்கின்றன. புதிய வாயைத் திறக்கப்போகும் இடம்தான் வாடையில் அதிகம் அடிவாங்கும் இடம் என்று அவை சொல்வதாக எனக்குப்பட்டது. உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது பயம், அறிவெல்லாம் பிறகுதான்.

அடுத்த நாள் காலை மண்டபத்தில் எஞ்சினியரிடம் இதைச் சொல்லி, வாயை மேற்குப் பக்கம் வைக்கக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், வயதில் என்னிலும் இளையவர், வெயிலில் நின்று நின்று கறுத்துப்போனவர். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மிஸ், முருகைக்கல் இருக்கோ இல்லையோ?”

“இல்லை.”

“அப்ப உங்கடை வேலை முடிஞ்சுது. நத்தை சொல்லுதெண்டு நான் வானைத் திருப்பவோ? மேலிடத்திலை என்னெண்டு எழுதுறது?”

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ராசன் அண்ணை தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நியாயமான விசயம் சொன்னார். மேற்காலே திருப்பினால் படகு வளைந்து வர வேண்டும். வளையும்போது அலை பக்கத்தால் அடித்தால் படகு புரளும். நேரே வந்து நேரே நுழைவதுதான் தங்களுக்குப் பழக்கம் என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. சங்கத்தில் அரைவாசிப் பேர் அவரோடு. மற்ற அரைவாசி மேற்குப் பக்கம் வாடையில் கொஞ்சம் அமைதி என்றார்கள். அப்படி இரண்டாகப் பிரிந்து கதைத்துக் கதைத்துத்தான் அதுவரை காலம் போயிருந்தது.

அப்போதுதான் தர்சினி வாயைத் திறந்தாள். இந்தப் பிள்ளை வாய் திறந்து நான் கண்டது அதுதான் முதல்தரம், அதுவும் எனக்கு எதிராக.

“மிஸ், அந்தப் பக்கம் நிழல்.”

“என்ன?”

“வடகிழக்குப் பாறை கீழை குடைஞ்சு போய் மேலை கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிக்குது. வெயில் படாது. பாறை காயாட்டில் நத்தை தானா மேலை ஏறும். மேற்குப் பாறை முழுக்க வெயிலுக்கை சரிஞ்சு கிடக்கு. உயரம் வித்தியாசப்படுறதுக்கு அலைதான் காரணமெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். சிவநேசன் முதல்தரமாக நிமிர்ந்து பார்த்தான். எனக்கு முகம் சுட்டது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். இத்தனை பேருக்கு முன்னால், அதுவும் பஸ்ஸில் வரும்போது சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. எங்கள் வெயிலில் நிழல் என்பது சின்ன விசயமல்ல. குளிர்நாட்டில் அலை செய்கிற வேலையில் பாதியை இங்கே ஒரு கல்லின் நிழல் செய்துவிடும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன, மூன்றுமே கெட்டவை. சொன்னதை விட்டுக்கொடுக்காமல் சாதிப்பது ஒன்று. குரல் எனக்கு உண்டு, சாதித்திருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவது இன்னொன்று. இன்னும் நன்றாக ஆராய வேண்டும், ஒரு வருசம் தாருங்கள் என்று கேட்பது மூன்றாவது. எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவதுதான், கேட்பதற்கு நல்ல கண்ணியமாகவும் இருக்கும். ஆனால் பெக்கோ திரும்பிப் போனால் அந்த வருசம் வராது. இன்னொரு வாடையை அந்த ஊர் பழைய வாயோடு கழிக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் தள்ளிப்போடுவதிலும் ஆள் சாகலாம்.

பாறையையே தொடவிடாமல் தடுத்திருக்கலாமே என்று பிறகு சில நண்பர்கள் கேட்டார்கள். தடுக்க வழி தேடியிருந்தால் கிடைத்திருக்கும். கொட்டலசில் எனக்கு எவ்வளவு ஆசையிருந்தாலும் அதைக் காப்பாற்ற ஒரு தாயின் பிள்ளையைக் கொடுக்க நான் தயாராக இருக்கவில்லை. வெட்டத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

“தர்சினி சொல்லுறது சரி” என்றேன். “நான் பாத்தது காணாது. எனக்கு ஒரு நாள் தாருங்கோ. நாளைக்கு இதே நேரம் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுறன்.”

எஞ்சினியர் யோசித்தார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். இத்தனை வருசத்தில் எந்த மேலதிகாரியும் என்னிடம் கேட்காத கேள்வி: “நீங்கள் சொல்லி, அது பிழைச்சு, படகு புரண்டால் ஆர் மிஸ் பதில் சொல்லுறது?”

“நான்” என்றேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பெக்கோக்காரனிடம் போய், “இண்டைக்கு எஞ்சினை நிப்பாட்டு” என்றார்.

அந்த ஒரு நாளில் என்ன செய்தோம்? வெயிலை வெயிலோடும் நிழலை நிழலோடும் ஒப்பிட்டோம். இவ்வளவு எளிது, ஆனால் அவசரத்தில் முதலில் மறந்துபோவதும் இதுதான். வடகிழக்குப் பக்கத்தில் கூரை இல்லாமல் வெயிலுக்குள் கிடக்கும் கற்களைத் தேடினோம். மேற்குப் பக்கத்தில் குடைந்த, நிழலான மூலைகளைத் தேடினோம். தர்சினி பாறைக்கடியில் தலையைக் கொடுத்துக்கொண்டே கத்துவாள், நான் மேலே நின்று எழுதுவேன். அன்றைக்கு அவளுடைய குரல் நன்றாகவே கேட்டது.

வெயிலுக்குள் கிடந்த கற்களில் என் மார்பளவு இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. தர்சினியின் நிழல் அவ்வளவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. ஆனால் இடுப்பளவு நின்றது. மேற்கில் நிழல் மூலைகளில்கூட நத்தைகள் முழங்காலை எட்டவில்லை. வித்தியாசம் நான் நினைத்ததைவிடச் சிறியது, ஆனால் இருந்தது.

எனக்கு அது போதவில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே நத்தையைத்தான் கேட்டிருக்கிறோம். ஒரு வீட்டு ஆட்களையே சாட்சிக்கு அழைத்த மாதிரி. வெயிலும் நிழலும் அவ்வளவாகத் தொடாத ஒருவர் வேண்டும். நீர் மட்டத்துக்குக் கிட்டக் குந்தியிருக்கும் பாறைச் சிப்பியை அப்போதுதான் தர்சினி விரலால் தடவிப் பார்த்தாள்.

“மிஸ், இஞ்சை விளிம்பு தாள் மாதிரி இருக்கு. கையை வைச்சால் வெட்டும். அங்கை எல்லாம் மழுங்கல்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடினேன் என்பது பெரிய பேச்சு; அந்த வயதில் பாறையில் எவ்வளவு ஓடலாமோ அவ்வளவு. மேற்குக் கையின் பின்னால் சிப்பிகள் நிமிர்ந்து, விளிம்பு மெல்லிய மடிப்பு மடிப்பாக உடையாமல் வளர்ந்திருந்தன. வடகிழக்கில் அதே சிப்பிகள் பாறையோடு பாறையாகத் தட்டையாக ஒட்டி, ஓடு தடித்து, விளிம்பெல்லாம் உடைந்து தேய்ந்திருந்தன. அந்த மெல்லிய விளிம்பு ஒரு நாளில் வளராது. ஒரு வாடையின் முழு அடி விழுந்திருந்தால் மிஞ்சியிருக்காது. அந்த நீரில் கணுக்கால் நனைய நின்றுகொண்டு நான் தர்சினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுக்கு வெட்கம். எனக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் மண்டபத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் குறைந்துபோனதைச் சொன்னேன்: முந்தினநாள் மார்பளவு என்றேன், அது இடுப்பளவுதான், மீதி நிழல். பிறகு நிலைத்ததைச் சொன்னேன். கடைசியாக எனக்குத் தெரியாததைச் சொன்னேன்: வளைந்து வரும் படகு பக்கத்தால் அடிக்கும் அலையில் என்ன பாடுபடும் என்பது எனக்கும் தெரியாது, நத்தைக்கும் தெரியாது. அதை ராசன் அண்ணைதான் சொல்ல வேண்டும்.

குறைந்ததை முதலில் சொன்னபடியால்தான் நிலைத்ததை அவர்கள் நம்பினார்கள் என்று இன்றுவரைக்கும் நினைக்கிறேன். உங்களுக்கு இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்றும் கிடைக்காவிட்டால் இதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினியர் வரைபடத்தை மேசையில் விரித்தார். ராசன் அண்ணை எழும்பி வந்து அதன் மேலேயே குனிந்தார். “சேர், வாயை மேற்காலை வையுங்கோ. ஆனால் உந்த வளைவை ஒடுக்கமா விடாதேங்கோ. கைக்கு உள்ளுக்கு வந்தாப் பிறகு, அலை இல்லாத இடத்திலை படகு திரும்பவேணும். அந்த இடத்தை அகலமாத் தாங்கோ.” எஞ்சினியர் பென்சிலை எடுத்தார். இருவரும் அழித்தார்கள், கீறினார்கள், சண்டை பிடித்தார்கள். ஒருவரை ஒருவர் விசரன் என்று சொல்லாத குறைதான். மேற்குப் பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் முருகைக்கல் இருந்தது. அதை விட்டு விலத்தி வெட்டும்படி நான் கேட்டேன், அதற்கும் கோடு கொஞ்சம் விலகியது. மத்தியானத்துக்குள் ஒரு வான் பிறந்துவிட்டது. அதில் நத்தை எவ்வளவு, எஞ்சினியர் எவ்வளவு, ராசன் அண்ணை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்று பிறகு கேட்டேன். “உயிரியல் சான்றுகளின்படி எண்டு எழுதினனான் மிஸ். நத்தையெண்டு எழுத எனக்கென்ன விசரோ?” என்றார்.

வேலை ஐப்பசிக்குள் ஒருவழியாக முடிந்தது. முடிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் இல்லை. பதில் சொல்வேன் என்று நான் சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் இருக்கும்போது யன்னல் கதவு காற்றில் அடித்தால் எழும்பிப் போய் எந்தத் திசைக் காற்று என்று பார்ப்பேன். தர்சினியும் பார்ப்பாள்.

கார்த்திகையில் வாடை பலமாகத் தொடங்கிய ஒரு காலை, விடுப்புப் போட்டுவிட்டு நானும் அவளும் அந்தக் கரைக்குப் போனோம். கடல் முழுவதும் வெள்ளை. வடகிழக்குப் பாறையில் அலை ஏறி ஏறி உடைந்து, தெறிப்பு எங்கள் முகத்துக்கே வந்தது. திட்டத்தில் முதலில் இருந்த வாய் அந்த இடத்தில்தான் வந்திருக்கும். மேற்கே புதிய வாயிலும் நீர் கொந்தளித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அலை உடையவில்லை. மேலும் கீழுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. ராசன் அண்ணை கரையில் நின்றார். விடியமுன் போன படகுகள் இன்னும் வரவில்லை என்றார்.

“ஆர் ஆர் போனது?”

“நாலைஞ்சு படகு. சிவநேசனும் போயிருக்கிறான்.”

அவன் போவான் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. வேறு யாரும் போயிருந்தால் பயம் இல்லாமல் இருந்திருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் இது வேறு பயம். ஒரு தாய்க்கு மிச்சமிருந்த ஒரே பிள்ளை, நான் விரல் நீட்டிய வாயால் வெளியே போயிருக்கிறான். கடவுள்கள் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டேன். செல்வச் சந்நிதி முருகனுக்கு நேர்த்தியும் வைத்தேன். விஞ்ஞானம் படித்தவள்தான், அந்த நேரத்தில் அதை யார் பார்த்தார்கள்.

பின்னால் யாரோ தோளைத் தொட்டார்கள். சிவநேசனின் தாய். தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, காற்றுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்.

“நீங்கள்தானே நத்தை மிஸ்?”

“ஓம் அம்மா.” அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. “அவரைப் போக விட்டியளோ?”

“கேட்டான். போயிட்டு வா எண்டனான்.” கடலை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னையும் தர்சினியையும் பார்த்தார். “வெறும் வயித்தோடை வந்திருப்பியள். வீட்டை வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம். உலை வைச்சிட்டுத்தான் வந்தனான்.”

“அவர் இன்னும் வரேல்லையே அம்மா.”

“வருவான்தானே” என்றார். “அவனுக்கும் சேத்துத்தான் அரிசி போட்டனான்.”

நான் அழுதேன். தர்சினிக்கு முன்னால், ராசன் அண்ணைக்கு முன்னால், கரை முழுக்க ஆட்கள் பார்த்திருக்க அழுதேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் ராசன் அண்ணை கையை நீட்டினார். மேற்கே ஒரு படகின் முனை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. வாய்க்கு நேரே வந்து, ஒரு அலை தூக்கிவிட, பாறைக் கையின் பின்னால் நுழைந்தது. உள்ளே அகலமான இடத்தில் அவசரமில்லாமல் திரும்பியது. பின்னால் மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன.

சிவநேசன் நனைந்து விறைத்துப்போய் வந்து எங்களோடு பாயில் இருந்து சாப்பிட்டான். தாய் அவனுக்கும் முதலே எனக்குத்தான் பரிமாறினார். நான் இரண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கினேன்.